சுண்ணாம்புக் கோட்டு வீடு

எனக்குக் கரிநாக்கு. சும்மா சொல்லவில்லை, கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டினால் இன்றைக்கும் தெரியும். வலப்பக்க ஓரத்தில், நாவல்பழம் தின்ற கறை மாதிரி ஒரு மச்சம். அப்படி மச்சம் இருக்கிறவள் வாய் திறந்து கெட்டது சொன்னால் பலித்துவிடும் என்பது எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நான் சின்னவளாக இருந்தபோது பக்கத்து வீட்டுப் பசு ஒன்று வாயில் நுரை தள்ளிக்கொண்டு நின்றது. மருந்தடித்த புல்லைத் தின்றிருக்கிறது. "இது செத்துப் போயிரும்" என்றேன். பொழுது சாய்வதற்குள் செத்தது. நுரையை நானும் பார்த்தேன், சுற்றி நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். ஆனால் அம்மா என் தாடையைப் பிடித்து, வாயைத் திறந்து, வந்தவர்களுக்கெல்லாம் நாக்கைக் காட்டினாள். புல்லுக்கு மருந்தடித்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த நாக்கோடுதான் ஈப்போவில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு நிற்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் நாக்குதான் காரணம் என்பார்கள், மூஞ்சியையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். என் அக்கா சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே, அதே தோட்டத்தில், கூலிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய அதே லயத்து வீட்டில், அத்தானோடு இருந்தாள். ரப்பர் மரங்களை வெட்டித் தள்ளிச் செம்பனை நட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். லயத்தில் மிச்சமிருந்தது நாலைந்து குடும்பம்தான்.

நான் போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அக்கா உப்பும் மிளகாயும் எடுத்து வீட்டைச் சுற்றி அடுப்பில் போடுவாள். மிளகாய் கருகி நெடி ஏறி, வீட்டில் இருப்பவர்கள் இருமினால் திருஷ்டி ஒன்றுமில்லை. நெடியே வராவிட்டால் திருஷ்டி இருந்தது, எரிந்துபோனது. இதுதான் கணக்கு. என் விஷயத்தில் ஒருமுறைகூட நெடி வந்ததாக அவள் ஒப்புக்கொண்டதில்லை. கூடப் பிறந்தவள்! மிளகாய்க்குக்கூட என்மேல் இரக்கம் இருந்திருக்கும், அவளுக்கு இல்லை.

தோட்டம் கைமாறியது. வாங்கிய கம்பெனி அங்கே வரிசை வரிசையாகப் புது வீடுகள் வைத்துத் தாமான் கட்டப்போகிறது, லயத்தைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. பழைய மேனேஜர் ஒருவர் எப்போதோ ஒரு நாள், பழைய ரப்பர் ஃபேக்டரிக்குப் பின்னால் இருந்த மேட்டு நிலத்தைக் கைகாட்டி, "உங்களுக்கு வீடு அங்கதான்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தக் கையை நம்பித்தான் எல்லோரும் இருந்தார்கள். ஒரு வக்கீல் பெண், சின்ன வயது, இவர்களுக்காகக் கோர்ட்டில் வழக்குப் போட்டாள். ஒரு நாள் அக்காவின் அடுப்படியிலேயே பலகையில் உட்கார்ந்து அவள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அக்கா, கேஸ் முடியிற வரைக்கும் ஆள் இருக்கிற வீட்டுல அவங்க கை வைக்க முடியாது. அதனால யார் என்னா சொன்னாலும் வீட்ட காலியா விடாதீங்க. அடுப்பு எரியணும், சாமான் இருக்கணும், ஆள் இருக்கணும். அவ்ளதான். மத்தத நான் பாத்துக்கிறேன்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்லுவாள்? மேட்டு நிலம் கிடைக்குமோ கிடைக்காதோ, கையில் இருக்கிற கூரை போகாமல் இருக்க வேண்டுமென்றால் அந்த வீட்டில் சோறு பொங்கிக்கொண்டு சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதுதான் எங்கள் குடும்பத்துக்கு வராத ஒரே வேலை.

அந்தச் சமயத்தில்தான், வாழ்க்கையில் முன்னேறச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கோச் வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் வகுப்பு. பத்துமணி வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு, காலர் நனைய நனைய, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பார். "சூப்பரா இருக்கோம்!" என்று கூட்டம் கத்த வேண்டும். முழங்கால் வலிக்காரியும் கத்தினாள், வேலை போனவனும் கத்தினான். நினைப்பதெல்லாம் நடக்கும். கிடைக்கப்போவதைக் கிடைத்துவிட்டதாகவே பேச வேண்டும். பழையதை விட்டால்தான் புதியதற்கு இடம் வரும். சந்தேகப்படுகிறவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது, அது தொற்று வியாதி. காசு வாங்கவில்லை மனுஷன். வாங்கியிருந்தால் இவர்கள் இரண்டாவது வாரமே யோசித்திருப்பார்கள்.

எங்கள் ஆட்களுக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. அரிசிப் பானை காலியானால் "இல்லை" என்று வாயால் சொல்லமாட்டோம், "அரிசி நிறைஞ்சு போச்சு" என்போம். வாசல்படி இறங்கும்போது "போறேன்" என்றால் முதுகில் ஒன்று விழும், "வாரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். கோச் அதற்கு ஒரு மைக் கொண்டுவந்தார், அவ்வளவுதான். ஆனால் அரிசி நிறைந்துபோயிற்று என்று சொன்ன எங்கள் அம்மா, சொன்ன கையோடு பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவாள். அத்தானோ காலிப் பானைக்குள் கையை விட்டு அள்ளப் பார்த்தார்.

அத்தான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். இடுப்புவலி என்று வீட்டில் உட்கார்ந்தார். பேச்சே இல்லாத மனுஷன், பேச ஆரம்பித்துவிட்டார். ஏதோ ஒரு விளம்பரத் தாளிலிருந்து ஒரு வீட்டுப் படத்தை வெட்டி, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, தினமும் அதற்கும் சாம்பிராணி காட்டினார். நான் போயிருந்தபோது, "வா, வா, புது வீட்டுல உனக்குன்னு ஒரு ரூம் இருக்கு" என்றார்.

"எந்த வீட்டுல அத்தான்?"

"ஃபேக்டரி மேட்டுல. கிடைச்சிருச்சில்ல."

"சாவி குடுத்துட்டாங்களா?"

அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள். "ஆரம்பிச்சிட்டியா? வந்து உக்காரல, அதுக்குள்ள வாய வைக்கிற. ஒரு நல்ல வார்த்த வராதா ஒனக்கு?"

"கேள்விதான்க்கா கேட்டேன்."

"கேள்வியே ஒனக்கு அப்படித்தான் லா வருது."

அக்காவையும் சொல்ல வேண்டும். அவள் கோச்சைப் பெரிதாக மதித்தாள் என்று சொல்லமுடியாது. பள்ளிக்கூடக் கேண்டீனில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து, நின்ற இடத்தில் தூங்கிவிழுகிறவள். ஆனால் அவளுக்குத் தரைவீடு வேண்டும். கோழிக்கு ஒரு கூடு, கறிவேப்பிலைக்கு ஒரு குழி, துணி காயப்போட வெயில் விழும் இடம். தரையில் கால் வைத்தே வளர்ந்தவள். அந்த ஆசைக்குள் யார் வந்து எதைச் சொன்னாலும் அவள் தலையாட்டத் தயாராக இருந்தாள்.

பிறகு ஒரு நாள் அத்தான் போன் செய்தார். "ஞாயித்துக்கிழம பால் காய்ச்சுறோம். வந்துரு."

கிரகப்பிரவேசம்! எந்த வீட்டில்? மேட்டு நிலத்தில். செங்கல் ஒன்றுகூட இல்லாத, லாலான் புல் இடுப்பளவு நின்ற இடத்தில். வீடு வந்துவிட்டதாகவே வாழ வேண்டும் என்று கோச் சொல்லியிருக்கிறார், வீடு வந்தால் முதல் காரியம் பால் காய்ச்சுவதுதானே, அதை இப்போதே செய்துவிட்டால் வீடு ஓடி வந்துவிடாதா? இது கோச்சுக்கே தோன்றாத யோசனை, அத்தானுடைய சொந்த யோசனை. கோச் கேட்டுவிட்டுக் கைதட்டினாராம்.

விடியும்போது போய்ச் சேர்ந்தேன். புல்லை வெட்டித் தள்ளி, மண்ணைத் தட்டி, சுண்ணாம்புப் பொடியால் வீடு வரைந்திருந்தார்கள். ஹால், இரண்டு அறை, அடுப்படி, சாமி அறை, கக்கூஸ்கூட. மாவிலைத் தோரணத்துக்கு இரண்டு கம்பு நட்டு அதுதான் வாசல். பனியில் செருப்பு நனைகிறதே என்று நான் குறுக்கே நடந்து அக்காவிடம் போனேன். அத்தான் பதறிக் கத்தினார்.

"ஏய், ஏய்! செவத்துல ஏறி வர்ற! வாசல் அங்க இருக்கு லா!"

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் சுவரிலிருந்து இறங்கி, சுற்றிக்கொண்டு போய், கம்புகளுக்கு நடுவே வலதுகாலை எடுத்துவைத்து வந்தேன். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பக்கத்தில் ஒரு கீற்றுக்குக் கீழே நான் பார்த்தது சிரிப்பை நிறுத்தியது. லயத்து வீட்டு அலமாரி இல்லை, கட்டில் இல்லை. ஆனால் குத்துவிளக்கு இருந்தது. சாமி படங்கள் இருந்தன. அம்மி இருந்தது. உப்பு ஜாடி, மஞ்சள், அரிசிப் பானை, எல்லாம் வந்திருந்தன.

"அக்கா, அந்த வீட்டுல என்னா இருக்கு இப்ப?"

"ஒண்ணும் இல்ல. கட்டில் அலமாரியெல்லாம் குடுத்தாச்சு. பழசக் கட்டிக்கிட்டு அழக்கூடாதாம்."

"கோழி?"

"குடுத்துட்டேன்." அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் கோணியது.

"அக்கா, வக்கீல் பொண்ணு என்னா சொன்னுச்சு? அடுப்பு எரியணும், ஆள் இருக்கணும்னு சொன்னுச்சா இல்லயா? பால் காய்ச்சி முடிச்சதும் எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயி அங்க வைங்க. இல்லன்னா வீட்ட இடிச்சிருவான். சத்தியமா இடிச்சிருவான்."

அவள் என் வாயைப் பொத்தினாள். நிஜமாகவே பொத்தினாள், மஞ்சள் கையால். "பால் காய்ச்சுற எடத்துல இடிக்கிறது கிடிக்கிறதுன்னு பேசுவியா? பாவி!" அத்தான் என்னை விலக்கிக்கொண்டு போனார். பால் காய்ச்சினால் அன்று ராத்திரி அங்கேதான் படுக்க வேண்டும், ஏற்றிய விளக்கைத் திருப்பிப் பழைய வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, அது எல்லோருக்கும் தெரிந்த முறை, எனக்கு மட்டும் தெரியாதா என்று கேட்டார். தெரியும் அத்தான். வீடு இருந்தால் அதுதான் முறை.

மூன்று கல் வைத்துப் பால் பானையை ஏற்றினார்கள். பால் பொங்கியது. அடியில் நெருப்பு வைத்தால் பால் பொங்கத்தான் செய்யும், அதற்கு நம்பிக்கை தேவையில்லை. ஆனால் லயத்து ஜனமெல்லாம் கைதட்டிக் குலவை போட்டது. கோச் படம் எடுத்துக்கொண்டார். அக்கா அழுதாள். பக்கத்து வீட்டுக்காரி அவளைக் கட்டிப் பிடித்து, "வீடு கிடைச்சிருச்சு, வீடு கிடைச்சிருச்சு" என்றாள். எல்லோரும் கேசரி தின்றார்கள். வெயில் ஏறுவதற்குள் அத்தனை பேரும் அவரவர் லயத்து வீட்டுக்குப் போய் அவரவர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்கள். நம்பிக்கையை அத்தான் வீட்டில் வைத்துவிட்டு, சாமானைத் தங்கள் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். என்ன சாமர்த்தியம்!

மறுநாள் காலையில் நான் கடையில் இருமல் மருந்து அடுக்கிக்கொண்டிருந்தபோது வக்கீல் பெண்தான் கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது. கம்பெனி மண்டோர், அந்தக் காலத்துக் கங்காணி மாதிரி ஆள், மண்வாரி இயந்திரத்தோடு லயத்துக்கு வந்திருக்கிறான். வழக்கமாக வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறவன்தான். அக்கா வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பாய்கூட இல்லை, விளக்கு மாடம் காலி. படம் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறான், இந்த வீட்டு ஆள் எங்கே என்று. முந்தின நாள் கட்டிப் பிடித்தாளே, அவள்தான் வெளியே வந்தாள். கோச் சொல்லிக்கொடுத்த மாதிரியே, தயங்காமல், வாய் நிறைய மலாயில் சொன்னாளாம்.

"சூடா பிண்டா. ரூமா பாரு."

குடிபோய்விட்டார்கள். புது வீடு. அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. மண்வாரி ஒரே இழுப்பில் பலகைச் சுவரைச் சாய்த்தது. அந்த வரிசையில் இடிந்தது அந்த ஒரு வீடுதான். மற்ற வீட்டு அடுப்புகளில் புகை போய்க்கொண்டிருந்தது.

நான் போனபோது மத்தியானம். முந்தின ராத்திரி மழை பெய்திருந்தது. மேட்டில் ஹாலும் இல்லை, அடுப்படியும் இல்லை, வெள்ளையாகக் கொஞ்சம் சேறு. தோரணக் கம்பு இரண்டும் நின்றன. அத்தான் அங்கே உட்கார்ந்திருந்தார். அக்கா கீழே, இடித்த இடத்தில், பலகைக் குவியலின்மேல் நின்றாள். என்னைப் பார்த்ததும் இறங்கி வேகமாக வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழப்போகிறாள் என்று கையை விரித்தேன். பளாரென்று அறைந்தாள்.

"சொன்னியே! பால் பானைக்கு முன்னால நின்னு இடிச்சிருவான் இடிச்சிருவான்னு சொன்னியே! இப்ப நெறஞ்சிதா ஒனக்கு?"

"அக்கா, நான் சொன்னதால..."

"வேற யாரு சொன்னா? ஊருல ஒருத்தரும் சொல்லல. நீ ஒருத்திதான் சொன்ன. நடந்துச்சு!"

சுற்றி நின்றவர்கள் என் நாக்கைப் பார்ப்பது போல என் வாயையே பார்த்தார்கள். "சூடா பிண்டா" சொன்னவளும் பார்த்தாள். மண்டோரை ஒருவரும் திட்டவில்லை. நல்லதை நினைத்தால் நல்லது நடக்கும் என்று ஒரு கூட்டம் நம்ப ஆரம்பித்துவிட்டால், கெட்டது நடக்கும்போது கெட்டதை நினைத்தவள் ஒருத்தி அகப்பட வேண்டும். மச்சத்தோடு நான் தயாராக நின்றேன். கோச்சும் அன்று மாலை போனில் அத்தானிடம் அதையேதான் நாகரிகமாகச் சொன்னார். சுபகாரியத்தில் சந்தேகக்காரர்களைச் சேர்த்தால் அலைவரிசை கெட்டுவிடுமாம். அத்தான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவரும் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, தன்மேல் தப்பு என்று சொல்லவில்லை.

இருவரும் கோயில் மண்டபத்தில் தங்கினார்கள். என் வீட்டுக்கு வரமாட்டேன் என்றாள் அக்கா. வக்கீல் பெண் எங்கெங்கோ ஓடி, டவுனில் அரசாங்க வாடகை ஃப்ளாட் ஒன்று காலியாவதைப் பிடித்தாள். நாலாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யாது, ஆனால் கூரை உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சாவி வாங்காவிட்டால் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். அத்தான் வேண்டாம் என்றார். ஃப்ளாட்டை ஒத்துக்கொண்டால் தரைவீடு வருகிற வழி அடைத்துவிடுமாம். சின்னதற்குக் கை நீட்டினால் பெரியது கோபித்துக்கொள்ளுமாம்.

வியாழக்கிழமை அக்கா தனியாக பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்தாள். என் வீட்டுக்கு வரவில்லை, கடைக்கே வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். மருந்து வாங்க வந்தவர்களோடு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கல்லாவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"ஒன் வாய்தான் பலிக்குதே. ஒரு தடவ நல்லதச் சொல்லு. மேட்டுல எனக்கு வீடு கிடைக்கும்னு சொல்லு. நீ சொன்னா நடக்கும். நான் ஒன்ன அடிச்சதுக்கு என்னா வேணா பண்ணு, இத மட்டும் சொல்லிரு லா."

இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கையில் மஞ்சள் இல்லை, கேண்டீன் சோப்பில் வெந்து தோல் உரிந்திருந்தது. சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை. அவள் முகம் விளக்கு மாதிரி எரிந்திருக்கும், அப்படியே திரும்பிப் போய் மண்டபத்தில் உட்கார்ந்து தரைவீட்டுக்காகக் காத்திருந்திருப்பாள், வெள்ளிக்கிழமை போயிருக்கும். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"கிடைக்காதுக்கா" என்றேன்.

"ஏய்..."

"மேட்டுல ஒனக்கு வீடு கிடைக்காது. இந்த ஜென்மத்துல கிடைக்காது. நான் சொல்றேன்."

கல்லாவுக்குப் பின்னால் நின்ற சீன முதலாளியம்மாவுக்குக்கூட என் குரல் கேட்டு முகம் வெளுத்தது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு நாயைப் பார்த்தால்கூட அதைவிட மரியாதையாகப் பார்ப்பார்கள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் ஃப்ளாட் சாவியை வாங்கினாள். அத்தான் வரமாட்டேன் என்று மண்டபத்துத் தூணைப் பிடித்தபோது, "கரிநாக்கு சொல்லிருச்சு, இனி ஒங்க கோச்சு தலகீழா நின்னாலும் நடக்காது, எந்திரிங்க" என்று இழுத்துக்கொண்டு போனாளாம்.

இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள். அத்தான் சுவரில் இன்னொரு வீட்டுப் படம் ஒட்டியிருக்கிறார். மேட்டில் தாமான் எழும்பிவிட்டது, யார் யாரோ குடிவந்துவிட்டார்கள். வழக்கில் ஏதோ கிடைத்தது மற்ற குடும்பங்களுக்கு, வீட்டைக் காலி செய்யாதவர்களுக்கு. மாதம் ஒருமுறை நான் மாத்திரை வாங்கிக்கொண்டு போவேன். அக்கா கோப்பி கலக்கிக் கொடுப்பாள், உட்காரச் சொல்லமாட்டாள். எதிர்வீட்டுக்காரியிடம், "இதுதான் என் தங்கச்சி. இவ வாய வச்சுத்தான் நான் இங்க வந்து கெடக்கேன்" என்று என் காதுபடவே அறிமுகம் செய்தாள். நான் மறுக்கவில்லை.

போன மாதமும் போயிருந்தேன். "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஒரு மாடி இறங்குவதற்குள் மேலே உப்பு வெடிக்கிற சத்தம் கேட்டது. நான் கீழே கட்டட வாசலைத் தாண்டும்வரைகூட அவளால் பொறுக்கமுடியவில்லை. ஃப்ளாட்டில் காற்று போக வழியேது, மிளகாய் நெடி படிக்கட்டு வழியாக இறங்கி வந்து என் தொண்டையைப் பிடித்தது. கண்ணில் தண்ணீர் கொட்ட இருமினேன். மேலே அத்தான் இருமினார். எதிர்வீட்டுக்காரி இருமிக்கொண்டே கதவைச் சாத்தினாள். அக்காவுக்கும் இருமல் வந்துவிட்டது, அடக்க முடியாமல் அடக்குவது இரண்டு மாடி கீழே கேட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அவள் காதில் விழட்டும் என்று நான் இன்னும் பலமாக இருமினேன்.

இருமல்களுக்கு நடுவே அவள் குரல் வந்தது.

"பாத்தீங்களா," என்றாள் அத்தானிடம், "நெடியே வரல."